முதல் வாய்

மாதத்தின் முதல் வெள்ளியில் நோயாளிகளின் வீடுகளுக்கு நன்மை என்னும் திருவிருந்து அப்பம் கொண்டுபோக வேண்டும். பதினோராவது வீட்டுப் படியிலேயே கஸ்பார் சாமியாருக்குக் கால் ஓய்ந்துவிட்டது. இந்த வீடு பட்டியலில் இல்லாதது; பக்கத்து வீட்டார் சொல்லித்தான் வந்திருந்தார். கட்டிலில் ரெஜினாள் படுத்திருந்தாள். அருகில் கஞ்சிக் கிண்ணத்தோடு அவள் புருஷன் தொம்மை.

சாமியார் சிமிழைத் திறந்து அப்பத்தை எடுத்தார். "கிறிஸ்துவின் உடல்."

ரெஜினாள் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"நான் முதல்ல ஒரு வாய் தின்னுட்டு, நல்லாருக்கு, தின்னுன்னு சொல்லணும் சாமி. அப்பத்தான் வாயத் தொறப்பா. ஒம்பது வருசமா இப்படித்தான்."

"அப்ப நீங்களும் நன்மை வாங்குங்க."

"நான் வாங்குறதில்ல. இவ படுக்கையில விழுந்த அன்னைக்கு விட்டேன். இந்தச் சிமிழுக்குள்ள இருக்காரே, அவருக்கும் எனக்கும் பேச்சு கெடயாது."

சாமியார் அப்பத்தைப் பிட்டு, ஒரு பாதியைத் தாமே உண்டு காட்டினார். ரெஜினாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவள் கண் தொம்மையின் வாயிலேயே இருந்தது.

விட்டுப்போனவனுக்கு நன்மை கொடுக்குமுன் அவன் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் கேட்க வேண்டும். கேட்க அவருக்கும் தெம்பில்லை, சொல்ல அவனுக்கும் தெம்பில்லை. மீதிப் பாதியை மறுபடி பிட்டு, ஒரு துண்டை அவன் முன்னால் நீட்டியபடி நின்றார். 

தொம்மை கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்தான். ஆமென் சொல்லவில்லை. வெகுநேரம் மென்றான். பிறகு கட்டில் பக்கம் குனிந்தான்.

"நல்லாருக்கு புள்ள," என்றான். "தின்னு."