துரத்தும் குரல்

"இந்த ‘ஃபியூக்’ங்கிற வார்த்தைக்கு என்ன சார் அர்த்தம்?" நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள் அவள்.

இசை வாத்தியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "லத்தீன்ல அதுக்குத் தப்பிச்சு ஓடுறதுன்னு அர்த்தம். இசையில, ஒரு குரல் மெட்டைப் பாடிட்டு முன்னால ஓடும். இன்னொரு குரல் அதே மெட்டோட பின்னாடியே துரத்தும்."

"பிடிச்சிடுமா?"

"விடவே விடாது. கடைசியில எல்லாக் குரலும் ஒண்ணாச் சேர்ந்துதான் முடியும்." மேஜையில் விரல்களால் வாசித்தும் காட்டினார். ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை. "மேடமுக்கு இசையில ரொம்ப ஆர்வமோ?"

"இப்பத்தான் வந்திருக்கு" என்று சிரித்தாள்.

"அப்ப நாளைக்கும் வாங்க. உங்ககூடப் பேசினா மனசுக்கு நல்லா இருக்கு."

கதவை மெல்லச் சாத்திவிட்டு வெளியே வந்தவளை டாக்டர் நிறுத்தினார். "ஏதாவது ஞாபகம் வந்துச்சாம்மா?"

"இசையில ஒரு எழுத்துகூட மறக்கலை டாக்டர். தன் பேரும் வீடும்தான் தெரியலை. காலையில நீங்க ‘ஃபியூக்’னு சொன்னீங்களே, அந்த நோயோட பேருக்கு அவர்கிட்டயே அர்த்தம் கேட்டேன். அழகா விளக்கம் சொல்றாரு!"

டாக்டரால் சிரிக்க முடியவில்லை. "இப்படித் தன்னை மறந்து கிளம்பிப் போறவங்களுக்குப் பெரும்பாலும் நினைவு திரும்பிடும். எப்போன்னுதான் சொல்ல முடியாது."

"மெதுவாவே திரும்பட்டும். பதினோரு நாள் தேடி அலைஞ்சவளுக்குக் காத்திருக்கத் தெரியாதா? இருபது வருஷத்துக்கு முன்னாடி, எங்கிட்ட வாயைத் திறக்கவே அவருக்கு ஆறு மாசமாச்சு. இந்தத் தடவை முதல் நாளே நாளைக்கு வாங்கன்னு கூப்பிடுறாரு, என் வீட்டுக்காரர்!"