புலவர் ஒப்புக்கொண்டார்

சாலைத் துறையின் தலைமை அலுவலகத்தில் உதவி இயக்குநராக இருந்தவரை எல்லோரும் மேடம் என்றுதான் சொல்வார்கள். அவருடைய முகநூல் பக்கத்தில் பூக்களையும் பிறந்தநாள் வாழ்த்துகளையும் தவிர வேறு எதையும் யாரும் பார்த்ததில்லை. ஒருநாள் மதியம் அந்தப் பக்கத்தில் இப்படி ஒரு பதிவு முளைத்தது:

'பாலம் என்றால் இரண்டு கரைகளையும் தொட வேண்டும். நம் அமைச்சர் திறந்து வைத்த பாலம் பாதி ஆற்றோடு நின்றுவிட்டது. என்ன செய்வது, இந்தக் கரையில் காண்ட்ராக்ட் எடுக்க ஒரு மைத்துனர் இருந்தார். அந்தக் கரையில் அமைச்சருக்குப் பெண் கொடுத்தவர் யாரும் இல்லை.'

பொழுது சாய்வதற்குள் ஊரே படித்துவிட்டுச் சிரித்தது. அமைச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

இயக்குநர் கூப்பிட்டு விசாரித்தார். தான் எழுதவில்லை என்றும், யாரோ தன் பக்கத்துக்குள் புகுந்துவிட்டார்கள் என்றும் மேடம் சொன்னார். மாட்டிக்கொண்ட அரசு ஊழியர்கள் வழக்கமாகச் சொல்கிற வசனம் அது. இயக்குநர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, சஸ்பெண்ட் ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.

வீட்டிலும் நம்ப ஆளில்லை. மகள் அம்மாவை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தாள். கணவர் அவரைத் தனியாக அறைக்குள் அழைத்துப் போனார்.

"எங்கிட்டயாவது உண்மையச் சொல்லு," என்றார்.

மேடம் அழுதார். வேலை போனால் மகளின் கல்லூரிப் படிப்பு என்னாவது என்ற கவலையில் கணவரும் அதற்குமேல் கேட்காமல் விட்டுவிட்டார்.

விசாரணைக்கு வந்த சைபர் கிரைம் இன்ஸ்பெக்டர், பதிவு மேடத்தின் அறைக் கணினியிலிருந்துதான் போயிருக்கிறது என்று கண்டுபிடித்தார். ஆனால் அந்த அறைக்குத் தாழ்ப்பாளே சரியில்லை. போதாததற்கு, பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தார் மேடம். அந்த நேரத்தில் தான் சாப்பாட்டு அறையில் இருந்ததாகச் சொன்னார். ஆமாம், பார்த்தேன் என்று சாட்சி சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. மேலிடத்துக் கோபம் என்றால் இவர்களுக்குக் கண் தெரியாமல் போய்விடும் என்று இன்ஸ்பெக்டர் நினைத்துக்கொண்டார்.

அவர் பார்வை பக்கத்து அறைக் கண்காணிப்பாளர் மேல் விழுந்தது. அலுவலகத்தில் அவருக்குப் புலவர் என்று பெயர். உலகப் போர் முதல் ஒழுகும் குழாய் வரை எல்லாவற்றுக்கும் அவரிடம் கருத்து உண்டு. தினமும் இணையத்தில் பத்தி பத்தியாக எழுதுவார். லைக் போடுவது அவருடைய மாமனார் மட்டும்தான், அதுவும் கை தவறிப் பட்டால். மேடம் போனதும் அந்த நாற்காலியில் பொறுப்பு அதிகாரியாக உட்கார்ந்திருப்பவரும் இவர்தான்.

விசாரித்தபோது புலவருக்கு வியர்த்து ஊற்றியது. கணினியைத் தொட்டதுகூட இல்லை என்று சாதித்தார்.

இதற்கிடையில் பதிவின் புகழ் எங்கேயோ போய்விட்டது. தொலைக்காட்சியில் ஒரு பேராசிரியர் அதன் நடையழகை அரைமணி நேரம் அலசினார். இளைஞர்கள் அதைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். எதிர்க்கட்சித் தலைவர், இதை எழுதிய கை யாருடையதாக இருந்தாலும் அதற்கு எங்கள் கட்சியில் தேர்தல் டிக்கெட் உண்டு என்று மேடையிலேயே அறிவித்தார்.

அன்றிலிருந்து புலவரின் நடையே மாறிவிட்டது. கேன்டீனில் யாராவது அந்தப் பதிவைப் பற்றிப் பேசினால் லேசாகச் சிரிப்பார். எழுத்தைப் பார்த்தாலே ஆளைத் தெரிய வேண்டாமா என்று கேட்பார். கடைசியில் இஸ்திரி போட்ட சட்டையோடு தானே காவல் நிலையத்துக்குப் போனார்.

"அத எழுதினது நான்தான் சார். மனசாட்சி உறுத்துது. ஒரு பொம்பள வீணா கஷ்டப்படக் கூடாது."

"எழுதறதுதான் எழுதினீங்க, அந்தம்மா பேர்ல ஏன் போட்டீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என் பேர்ல போட்டா யாரும் படிக்க மாட்டாங்க சார்."

இன்ஸ்பெக்டருக்கு இதைவிட நம்பகமான வாக்குமூலம் வேறு தேவைப்படவில்லை. எழுதி வாங்கிக்கொண்டார்.

புலவரின் போதாத காலம், அதே வாரம் எதிர்க்கட்சித் தலைவரும் அமைச்சரும் கூட்டணி பேசி முடித்துக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். டிக்கெட் விஷயத்தைத் தலைவர் மறந்தே போனார். புலவர் மேல் அடுத்தவர் கணக்கில் புகுந்ததற்கு ஒரு வழக்கு, ஆள்மாறாட்டத்துக்கு ஒரு வழக்கு என்று பாய்ந்தது. வேலையும் போனது.

"சத்தியமா நான் எழுதல சார்," என்று இன்ஸ்பெக்டர் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மாட்டினதும் எல்லாரும் இதத்தான் சொல்றீங்க," என்று கோப்பை மூடினார் இன்ஸ்பெக்டர்.

மேடம் மறுபடி வேலைக்கு வந்தார். இயக்குநர் எல்லோர் முன்னாலும் வருத்தம் தெரிவித்தார். ஒரு அப்பாவி ஊழியரின் மனம் புண்பட்டதற்காக அமைச்சரே போனில் பேசினார்.

அன்று மாலை வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கணவர் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"உன்ன சந்தேகப்பட்டது என் தப்புதான். மனசுல வச்சுக்காத."

மேடம் பரவாயில்லை என்பதுபோலத் தலையசைத்தார்.

"ஆனா ஒண்ணு. அவன் அயோக்கியனாவே இருக்கட்டும், எழுத்து பிரமாதம். அதுலயும் அந்தக் கடைசி வரி இருக்கே..."

"தேங்க்ஸ்ங்க. அந்த ஒரு வரிக்குத்தான் ரொம்ப நாள் மண்டைய உடைச்சுக்கிட்டேன்," என்றார் மேடம்.