ரெண்டு நிமிஷ வெளிச்சம்

மீனாட்சிபுரத்தில் தெருவிளக்கு கெட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குப் பத்தே நாள். வள்ளிக் கும்மி பழகும் பெண்களுக்குச் சிவசங்கரி வீட்டு வெளிவிளக்குதான் கதி.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், அம்மா தனியாக இருக்கிறாளே என்று மாட்டிவிட்டுப்போன சென்சார் விளக்கு அது. ஆள் அசைந்தால் எரியும். ரெண்டு நிமிஷத்தில் தானாக அணைந்துவிடும்.

சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு ஏழு மணிக்குப் பன்னிரண்டு பெண்கள் அந்த வீட்டின் முன்னால் ரோட்டில் கூடுவார்கள். விளக்கு அணைந்தால் எல்லோரும் இன்னும் ஓங்கிக் குதிப்பார்கள். உடனே எரியும். தன்னுடைய குதியில்தான் எரிகிறது என்று பூமாரிக்கு ஒரே பெருமை.

விளக்கு எரிந்ததும் பார்த்தால், வாசற்படியில் சிவசங்கரி நிற்பாள்.

ஒருநாள் சத்தம் என்று திட்டுவாள். ஒருநாள் புழுதி என்பாள். இவர்கள் ஆட்டத்தில் மிரண்டு மாடு பால் கறக்கவில்லை என்றுகூடச் சொன்னாள். அவளிடம் மாடே கிடையாது.

திட்டி முடித்து உள்ளே போவாள். அடுத்த தடவை விளக்கு எரியும்போது மறுபடியும் படியில் நிற்பாள். இப்படி ஒரு பொல்லாத பொம்பளையா என்று கும்மி சொல்லிக்கொடுக்கும் சித்ராவுக்கு அலுத்துப்போயிற்று.

நோம்பிக்கு மூன்று நாள் இருக்கும்போது, சிவசங்கரி தங்கை வீட்டு விசேஷத்துக்கு நல்லேப்பிள்ளி போய்விட்டாள். வைய ஆளில்லை என்று எல்லோருக்கும் குஷி.

அன்றைக்கு விளக்கு எரியவே இல்லை.

குதித்தார்கள். கையை ஆட்டினார்கள். கேட்டைப் பிடித்து உலுக்கினார்கள். பூமாரி முந்தானையைச் சுழற்றித் தனியாக ஒரு ஆட்டமே போட்டுப் பார்த்தாள். கடைசியில் இருட்டிலேயே ஆடி, ஒருத்தி காலை ஒருத்தி மிதித்து, சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததுதான் மிச்சம்.

மறுநாள் காலை, அந்த விளக்கை மாட்டிய எலக்ட்ரீஷியன் பிஜுவை சித்ரா வழிமறித்துக் கேட்டாள். விளக்கு கேட் தூணில் இருந்தாலும் சென்சார் இருப்பது வாசற்படிக்கு மேலே என்றான் அவன். ரோட்டில் லாரியே போனாலும் அதற்குத் தெரியாதாம். படியில் ஆள் வந்து நின்றால் மட்டும்தான் எரியுமாம்.

சித்ரா மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒரு மணி நேரப் பயிற்சி, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை.

அன்று சாயங்காலம் சிவசங்கரி ஊரிலிருந்து திரும்பியதும், பன்னிரண்டு பேரும் அவள் வீட்டுக்குள்ளேயே போய்விட்டார்கள்.

"ஏனுங்கக்கா, போன்ல ஒரு தடவ அமுக்குனா நிக்காம எரியுமாமுங்க. உங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கறதா பிஜு சொன்னானுங்க. அப்புறம் எதுக்குங்க, எங்களுக்காக இப்படி வந்து வந்து நிக்கறீங்க?" என்று சித்ரா கேட்டாள்.

சிவசங்கரி முந்தானையைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"மொத நாளே உங்கள வஞ்சுபோட்டேன். அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுட்டு என்னையும் சேத்துக்குங்கன்னு கேக்கறது? நிக்காம எரிய உட்டுட்டா, எதச் சொல்லிட்டு நான் வெளிய வர்றது? மூணு பாட்டுக்கு ஸ்டெப்பு பழகிட்டேன் கண்ணு. நாலாவதுதான் இன்னும் புடிபட மாட்டேங்குது."