பச்சை முத்திரை

சிங்கராயரின் மரபணு அட்டையில் பச்சை முத்திரை குத்தியிருந்தது. தூத்துக்குடியில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளைப் பிரிக்கும் வேலை பச்சை அட்டைக்காரர்களுக்கு மட்டும்தான். அந்தத் தூசி அவர்கள் நுரையீரலை ஒன்றும் செய்யாதாம். அதனால் முகமூடி கிடையாது. வேலை முடிந்ததும் உடை மாற்றிக்கொள்ள ஓர் அறைகூடக் கிடையாது.

வருடாந்தரப் பரிசோதனையில் நர்ஸ் திரையைப் பார்த்து வியந்தாள்.

"இருபது வருசமா தூசியிலேயே கெடக்கீங்க அண்ணாச்சி. நெஞ்சு பளிங்கு மாதிரில்லா இருக்கு! வீட்ல அக்கா சந்தோசப்படுவாங்க."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

மனைவி ரெஜினாவுக்கு அட்டையே இல்லை. வேலைக்குப் போகிறவர்களைத்தான் சோதிப்பார்கள். அவர் கழற்றிப் போடும் சட்டையை அவள் தினமும் முற்றத்தில் நின்று நாலு உதறு உதறிவிட்டுத்தான் ஊறவைப்பாள். "ஊர்க் கூரையெல்லாம் நம்ம வீட்டுக்கே கொண்டாந்துட்டீங்களே" என்று சிரிப்பாள். சிரிப்போடு இருமலும் வந்தபோது சளி என்றுதான் இருவரும் நினைத்தார்கள். அவள் நெஞ்சில் இருப்பது கூரைத் தூசி என்று டாக்டர் சொன்னபோது காலம் கடந்துவிட்டது. போன சித்திரையில் சிங்கராயர் அவளை அடக்கம் செய்தார்.

பரிசோதனை நடந்த அன்று மாலை வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் வாளியில் தண்ணீர் பிடித்தார். சட்டையை உதறவில்லை. மெல்லச் சுருட்டி, ஒரு துளித் தூசிகூடப் பறக்காமல் தண்ணீருக்குள் அமுக்கினார். டாக்டர் சொல்லிக்கொடுத்த முறை அது.

அந்த வீட்டில் இப்போது மூச்சு விடுகிறவர் அவர் ஒருவர்தான்.