வாயால் சொன்ன எண்

"ஏம்மா, வரிசைக்குக் கடைசியில போய் நில்லு."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா இப்படிச் சொன்னதும், அவள் இடுப்பிலிருந்த குழந்தைகூட விரல் சப்புவதை நிறுத்திவிட்டது.

அவள் செய்தது கொலைக் குற்றமா? ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை கிடைத்திருந்தது. அடையாள அட்டையை இந்த அலுவலகத்தில் சரிபார்த்து முத்திரை வாங்கிவிட்டால் நாளைக்கே சேரலாம். இன்று ஒரு மணிக்குள் வாங்காவிட்டால் அந்த இடம் அடுத்தவளுக்கு. அட்டையை அவள் புருஷன் அவள் போனிலேயே ஏற்றிக் கொடுத்திருந்தார். திறக்க ஒரு ரகசிய எண்.

படித்த மனுஷரிடம் நாம் என்னத்தை ஒளிப்பது என்று போனைத் தடுப்புக்கு அடியில் நீட்டி, "நீங்களே போட்டுக்குங்க சார். ரெண்டு, ஏழு, ஏழு, ஒண்ணு" என்றாள். வாய்ப்பாடு ஒப்பிக்கும் குரலில், வரிசை முழுக்கக் கேட்கும்படி.

அவர் போனைத் தொடவே இல்லை.

"வாயால சொன்ன நம்பர் இங்க செல்லாது. வேற நம்பர் மாத்திட்டு வா. நீயே மாத்தணும், இன்னொரு கை படக்கூடாது."

"சார், ஒரு மணிக்குள்ள..."

"கடைசியில நில்லுன்னேன்."

தாளில் எதையோ கிறுக்கிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அடுத்த ஆள், வெள்ளைச்சட்டை அண்ணன். காலையிலிருந்து அவள் பின்னால் நின்றவர். அவள் திணறுவதைப் பார்த்து, அட்டை எண் முதல் விலாசம் வரை விண்ணப்பத்தைத் தன் கையாலேயே நிரப்பிக் கொடுத்தவர். இப்போதும் அவர்தான் அவளுக்காகப் பரிந்து பேசினார். கைக்குழந்தைக்காரியை இப்படி விரட்டலாமா என்று கேட்டார். வரிசையில் நாலு பேர் ஆமாம் போட்டார்கள்.

குமாஸ்தா அவரையும் சும்மா விடவில்லை. கையெழுத்து கோணல் என்றார், இன்னொரு தாள் கேட்டார். அண்ணன் போனை எடுத்தபோது, இங்கே நின்றுகொண்டு போன் பார்க்கக்கூடாது, பைக்குள் போடுங்கள் என்று அதட்டினார். இருபது நிமிஷம் அவரை நிற்கவைத்தார். நல்லது சொன்ன வாய்க்கு இதுதான் கூலி என்று அவள் மனசு கொதித்தது.

கடைசியில் நின்று போனைப் பார்த்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. யாரிடமாவது நீட்டலாமா? இன்னொரு கை படக்கூடாதாம், பெரிய அரண்மனைக் கஜானா.

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு எழுத்துக் கூட்டினாள். 'ரகசிய எண்ணை மாற்று.' தொட்டாள். புது எண் கேட்டது.

குழந்தை முதல்முதலாகக் குப்புற விழுந்த நாளும் மாசமும் நினைவுக்கு வந்தன. அன்று வீட்டில் யாரும் இல்லை. அவள் மட்டும்தான் பார்த்தாள். அதையே போட்டாள். 'மாற்றப்பட்டது' என்று வந்தபோது, பக்கத்தில் யாரிடமாவது காட்டவேண்டும் போலிருந்தது. காட்டவில்லை.

வெள்ளைச்சட்டை அண்ணன் ஒரு வழியாக முடித்துக்கொண்டு வந்தார். "தைரியமா இரு தங்கச்சி" என்று குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டு வேகமாக வெளியேறினார்.

கொஞ்ச நேரத்தில் அவள் போன் கிணுகிணுத்தது. மறுபடியும். மறுபடியும். தெரியாத்தனமாக எதையோ கெடுத்துவிட்டோம் என்ற பயத்தில் அவள் பார்க்கவே இல்லை.

மணி ஒன்றானது. காவலாளி கதவைச் சாத்த வந்தார்.

"இருப்பா, இன்னும் ஒரு ஆள் பாக்கி" என்றது கண்ணாடிக்குப் பின்னாலிருந்து குரல்.

இந்தத் தடவை திரையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டு எண்ணைத் தானே போட்டாள். கட்டம் கட்டமாக வந்த படத்தைக் கண்ணாடியில் காட்டினாள். உள்ளே பச்சை விளக்கு எரிந்தது. முத்திரை விழுந்தது.

"மணி ஒண்ணு தாண்டிடுச்சே சார்?"

"நீ மொதல்ல என்கிட்ட வந்தது பன்னிரண்டு பத்துக்கு. அப்பவே எழுதி வச்சுட்டேன்."

தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். அவர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டே கேட்டார்.

"போன்ல ஏதாவது சேதி வந்துச்சா?"

அப்போதுதான் எடுத்துப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'வேறொரு போனிலிருந்து உங்கள் அட்டையைத் திறக்க முயற்சி. எண் தவறு.' அதற்குக் கீழேயும் அதேதான். அதற்கும் கீழே அதேதான்.

குமாஸ்தா தலை நிமிரவில்லை.

"எத்தனை தடவை போட்டுப் பார்த்திருக்காரு, உன் வெள்ளைச்சட்டை அண்ணன்?"