மூன்றாவது பாட்டில்

"மூணு பாட்டில் தீர்ந்து போச்சு டாக்டர். இம்மியும் குறையல, பாருங்க!"

மெக்கானிக் தன் மனைவியின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். வலது கன்னத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு அந்த வடு அப்படியே இருந்தது.

"காப்பர் பெப்டைடு மருந்து எல்லாருக்கும் ஒரே மாதிரி கேட்காது. ஆனாலும் கொஞ்சமாவது மங்கியிருக்கணுமே!" தோல் டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினார். "தினமும் போடறீங்களா?"

"ஒரு நாள் தவறினதில்ல. காலையில எழுந்ததும் கண்ணாடியை மாட்டிக்கிட்டு நானே உட்கார்ந்து போடறேன். அந்த நீல மருந்துல நாலு சொட்டு, பத்து நிமிஷம் தேய்ப்பு. ஏணி மேல நின்னு ஸ்பேனரை இவ முகத்துல நழுவ விட்ட புண்ணியவான் நான்தானே? இவளுக்கென்ன, மகாராணியாட்டம் உட்கார்ந்திருப்பா."

"அசைஞ்சா திட்டறீங்களே!" என்றாள் அவள்.

பட்டறையிலிருந்து போன் வந்தது. அவர் பேசிக்கொண்டே வெளியே போனார்.

டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இப்ப சொல்லுங்கம்மா."

அவள் கைப்பையின் வாரைத் திருகினாள். முகம் சிவந்துவிட்டது.

"மருந்தை முதல் வாரமே கொட்டிட்டேன் டாக்டர். அதுக்கப்புறம் எல்லா பாட்டில்லயும் தண்ணிதான். கேக்குக்குப் போடற நீலக் கலர்ல ஒரு துளி கலந்து வச்சிடுவேன்."

"அடடா, ஏம்மா?"

"இருபத்தாறு வருஷமா வண்டிக்கு அடியில நீட்டிக்கிட்டிருக்கிற காலைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். வீட்டுக்கு வந்தா படுத்ததும் குறட்டை. இப்பதான் தினமும் பத்து நிமிஷம் என் முகத்தைப் பார்க்கறார். தேய்ச்சுக்கிட்டே பட்டறைக் கதை சொல்றார். ராத்திரி நல்லா தூங்கினியான்னு கேட்கறார். வடு போயிட்டா இதெல்லாமும் போயிடுமே! அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், மனசு உடைஞ்சிடுவார்."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

"சொல்லக் கூடாதுன்னு அவரும்தான் சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்கார். போன மாசம் தனியா வந்தார். 'மருந்துன்னா விரல்ல பிசுபிசுக்கும், இது வெறும் தண்ணி. அவ ஏன் செய்யறான்னும் புரிஞ்சிடுச்சு. நான் வந்து சத்தம் போடறேன், நீங்க ஒண்ணும் தெரியாத மாதிரி இன்னும் ஒரு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்துடுங்க. ஒரு சாக்கு இல்லாம அவ பக்கத்துல போய் உட்கார எனக்கும் வெட்கமா இருக்கு டாக்டர்'னார்."