விறகான கைவண்டி

1966இல் தாராவியில் எங்கள் பிரசவ ஆஸ்பத்திரி திறந்த அன்று, பால் காய்ச்ச விறகு வாங்கவில்லை. இத்தனை வருஷமும் பிள்ளைத்தாய்ச்சிகளைத் தூரத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போன கைவண்டியையே உடைத்து எரித்தோம். போன மழைக்காலத்தில் சீனியம்மாள் நிறைவயிற்றோடு அதில்தான் பாதி வழியில் செத்துப்போனாள். அவள் அம்மா ஆவுடையம்மாள் முதல் வெட்டு வெட்டினாள்.

"இனி எவளும் இதுல ஏற வேண்டாம்!"

பால் பொங்கும்போதே, தெருவுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த நஸீரா வலியோடு வந்துவிட்டாள். சாயங்காலம் ஆண்குழந்தை பிறந்தது. தெருவெங்கும் சர்க்கரை கொடுத்தோம்.

"தனியா எப்படிட்டி வந்த?" என்று கேட்டாள் ஆவுடையம்மாள்.

"கைவண்டியிலதான் பெரியம்மா. பிள்ளைத்தாய்ச்சி அக்கா ஒருத்தி சிரிச்சிக்கிட்டே வாசல் வரைக்கும் இழுத்துட்டு வந்தா."

வாசலில் அடுப்பு இன்னும் கனன்றுகொண்டிருந்தது. சாம்பலில் சக்கரத்தின் இரும்புப் பட்டை கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஆவுடையம்மாள் தெரு அதிரக் குலவையிட்டாள்.

"எம் மவ ஆஸ்பத்திரிக்கு வந்து சேந்துட்டா!"